ஓரிடத்தில் ஊற்றினால் இன்னோரிடத்தில் ஏறும் தண்ணீர்: வீட்டுக் கழிவுநீர் அடைப்பை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளும்போது பாத்ரூம் தரையில் ஏறுகிறது. சிங்கில் ஒரு தொட்டியைத் திறந்துவிட்டால் பக்கத்துத் தொட்டியில் சாம்பார் வண்டல் வருகிறது. மாடியில் யாரோ குளித்தால் கீழ்வீட்டுத் தரை நனைகிறது. தண்ணீர் ஏறிய இடத்தில் கம்பியை விட்டுக் குத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். பெரும்பாலும் அது வீண் வேலை.

தண்ணீர் ஏறிய இடம் அடைப்பு இருக்கும் இடத்தைக் காட்டாது. அடைப்புக்கு முன்னால் திறந்திருக்கும் வாய்களில் எது தாழ்வு என்பதை மட்டுமே காட்டும். தரையோடு தரையாக இருப்பதால்தான் ஃப்ளோர் ட்ராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) எப்போதும் பழியைச் சுமக்கிறது. விதி இதுதான்: சிங்கில் ஊற்றியது ஃப்ளோர் ட்ராப்பில் ஏறினால், அந்த இரண்டு குழாயும் சேரும் இடத்திலோ அதைத் தாண்டியோதான் அடைப்பு. சேரும் இடத்துக்கு முன்பே அடைத்திருந்தால் தண்ணீர் சிங்கிலேயே நின்றிருக்கும், வேறெங்கும் எட்டிப் பார்த்திருக்காது.

கருவி எடுப்பதற்கு முன் ஒரு சோதனை

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மெஷினை நிறுத்துங்கள். தனி வீடென்றால் வெளியே கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டிகளின் மூடிகளைத் திறந்து வையுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து, சிங்க், வாஷ்பேசின், பாத்ரூம் தரை என ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஊற்றுங்கள். எதில் ஊற்றியது எங்கே ஏறுகிறது, எவ்வளவு ஊற்றிய பிறகு ஏறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவுக்குப் பயன் உண்டு. 75 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும், 110 மி.மீ. குழாய் எட்டரை லிட்டர் பிடிக்கும். முழு அடைப்பில் ஒரு சொம்பு ஊற்றியதுமே ஏறினால் அடைப்பு கைக்கெட்டும் தூரத்தில். ஒரு வாளி முழுக்க உள்வாங்கி அதன்பிறகு ஏறினால் சில மீட்டர் தள்ளி. அடைப்பின் வழியே தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு தப்பும். ஆனாலும் குழாய்க்குள் விட்டுத் திருகும் 5 மீட்டர் ஸ்பிரிங் கம்பி போதுமா, வெளியே சேம்பரிலிருந்து வர வேண்டுமா என்று முடிவெடுக்க இது உதவும்.

இரட்டை சிங்கில் ஒரு தொட்டியிலிருந்து மற்றதில் ஏறினால்

இரண்டு தொட்டியும் கீழே ஒரே டீயில் (T வடிவ இணைப்பு) சேர்ந்து, ஒரே ட்ராப்பில் (நாற்றம் வராமல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பகுதி) இறங்குகின்றன. அடைப்பு அந்த ட்ராப்பில், அல்லது சுவருக்குள் போகும் குழாயில்.

கீழே வாளி வைத்துவிட்டு பாட்டில் ட்ராப்பின் அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தால் பிளாஸ்டிக் மரை வெடித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கழற்றும்போதே கவனித்துவிடுங்கள். திருப்பிப் போட்டால் மறுநாள் சொட்டும். ட்ராப்புக்குப் பதிலாகச் சுருக்கம் சுருக்கமான ஃப்ளெக்ஸிபிள் குழாய் இருந்தால் அதைக் கழுவி மாட்டாதீர்கள். ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், இரண்டு மாதத்தில் இதே கதைதான். வழவழப்பான 40 மி.மீ. பிவிசி குழாயும் ஒழுங்கான ட்ராப்பும் போட்டுவிடுங்கள், செலவு பெரிதில்லை.

ட்ராப் சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்கு உள்ளே. ட்ராப்பைக் கழற்றிய நிலையிலேயே சுவர்க் குழாயில் ஸ்பிரிங்கை விடுங்கள். பிளஞ்சர் (அடியில் ரப்பர் கிண்ணம் உள்ள கைத்தடி) போடுவதென்றால் ட்ராப்பைத் திரும்ப மாட்டி, ஒரு தொட்டியின் துளையை ஈரத் துணியால் அடைத்து ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓவர்ஃப்ளோ துளை இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் பக்கத்துத் தொட்டி வழியாக முகத்தில்தான் அடிக்கும். பிளஞ்சரின் ரப்பர் முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும், காற்றை அழுத்தி ஒன்றும் ஆகாது. ஆர்.ஓ. கழிவுக் குழாயை சிங்க் குழாயோடு இணைத்திருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

நம் சமையலறைக் குழாய்களை அடைப்பவை எண்ணெய், கஞ்சி, மாவு பாத்திரம் கழுவிய தண்ணீர், டீத்தூள். இவற்றில் கஞ்சிதான் குறைத்து மதிப்பிடப்படுவது. கொதிக்கக் கொதிக்க வடித்தால் குழாயும் இளகும், ஆறியதும் மாவுச்சத்து எண்ணெயோடு சேர்ந்து சுவரில் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றினால் அடைப்பு கரையும் என்பதும் பாதி உண்மைதான். கொழுப்பு இளகி இரண்டு மீட்டர் தள்ளிப் போய், குளிர்ந்த குழாயில் மறுபடி உறையும். அங்கே உங்கள் ஸ்பிரிங் எட்டாது.

மெஷின் அல்லது வாஷ்பேசின் தண்ணீர் பாத்ரூம் தரையில் ஏறினால்

அதிகம் கேட்கப்படும் புகார் இது. தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

தமிழ்நாட்டுப் பாத்ரூம்களில் வாஷ்பேசின், மெஷின் குழாய்கள் பெரும்பாலும் தரைக்குக் கீழே ஃப்ளோர் ட்ராப்பின் பக்கவாட்டு வாய்களில் வந்து சேரும். ட்ராப்பிலிருந்து ஒரே குழாய் வெளியே போகும். ஆகவே வாஷ்பேசின் தண்ணீர் ட்ராப்பில் தெரிவது கோளாறு அல்ல, அமைப்பே அப்படித்தான். ஜாலிக்கு (ட்ராப்பை மூடியிருக்கும் ஓட்டைத் தட்டு) மேல் ஏறினால்தான் கோளாறு. ஏறுவதிலும் நான்கு விதம் உண்டு.

முதலாவது, தண்ணீர் கீழிருந்து ஏறவே இல்லை, மேலிருந்து உள்ளே இறங்க முடியாமல் பரவுகிறது. செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் ஹோஸ் தரையில் கிடந்து ஜாலியின் மேல் ஊற்றும் வீடுகளில் இப்படி நடக்கும். ஜாலியைத் தூக்கிவிட்டு ஹோஸைத் துளைக்குள் நேராக விட்டுப் பாருங்கள். சரியாகப் போனால் பிளம்பர் வேண்டாம், ஜாலியின் ஓட்டைகளில் நூலும் முடியும் சிக்கியிருக்கும்.

இரண்டாவது, வெறும் நுரை மட்டும் ஏறுகிறது. சோப்புத்தூள் அதிகம், அல்லது ஃப்ரன்ட் லோடு மெஷினில் டாப் லோடு தூளைப் போடுகிறார்கள். அளவைக் குறைத்து ஒரு சலவை போட்டுப் பாருங்கள். அடுக்குமாடியின் கீழ்வீட்டில் நுரை வந்தால் அது மேல்வீட்டு மெஷினின் நுரையாகவும் இருக்கலாம். நுரை எடை இல்லாததால் தண்ணீர் கீழே போனாலும் அது மேலே ஏறித் தப்பிக்கும்.

மூன்றாவது, தண்ணீர் ஏறி, சில நிமிடத்தில் தானே இறங்கிவிடுகிறது. இது பாதி அடைப்பு. பம்பு உள்ள மெஷின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 லிட்டர் தள்ளும், மக்கில் மொண்டு குளிக்கும் தண்ணீர் அதில் பாதிகூட இருக்காது. அதனால் குளிக்கும்போது தெரியாத அடைப்பு மெஷின் ஓடும்போது தெரிகிறது. மெஷினைக் குறை சொல்லி சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுவது இந்த இடத்தில்தான்.

நான்காவது, ஏறியது அப்படியே நிற்கிறது. முழு அடைப்பு.

மூன்றுக்கும் நான்குக்கும் வேலை ஒன்றே. ரப்பர் கையுறை போட்டு ஜாலியை எடுங்கள். உள்ளே கவிழ்ந்த கிண்ணம் ஒன்று இருக்கும், அதையும் தூக்குங்கள். பாதி வீடுகளில் அடைப்பு இங்கேயே முடிந்துவிடும்: தலைமுடியும் சோப்புக் கசடும் சேர்ந்து கயிறாகத் திரண்டு வரும். அதைக் கையால் வெளியே எடுங்கள், கம்பியால் உள்ளே தள்ளாதீர்கள். பிறகு ஒரு வாளியை வேகமாக ஊற்றுங்கள். இறங்காவிட்டால் ட்ராப்பின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்தில் உள்ள வெளிவாயைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதன் வழியே ஸ்பிரிங்கை விடுங்கள். வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே, அரை அரை அடியாக. முட்டினால் அழுத்த வேண்டாம், திருகுங்கள். பத்து திருகுக்கு ஒருமுறை இழுத்து நுனியைப் பாருங்கள்.

வாஷ்பேசின் வழியாக ஸ்பிரிங் விடுவது இங்கே பயன்படாது. அது நேராக வந்து ட்ராப்புக்குள் விழுந்து, அங்கேயே சுருண்டு கிடக்கும். வெளியில் நிற்பவர் ஆறு மீட்டர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்ததும் கிண்ணத்தைத் திரும்ப வையுங்கள். தண்ணீர் வேகமாகப் போகிறது என்று அதைத் தூக்கி எறிந்த வீடுகளில் கரப்பான் பூச்சியும் நாற்றமும் வந்து சேரும். ட்ராப்பில் எப்போதும் 50 மி.மீ. அளவுக்காவது தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடைக் காற்றைத் தடுப்பது அதுதான்.

ஆசிட் பாட்டிலை எடுப்பதற்கு முன்

தேங்கி நிற்கும் தண்ணீரில் ஊற்றும் ஆசிட் அடைப்பைப் போய்ச் சேர்வதற்குள் நீர்த்துவிடும். முடியையும் துணியையும் அது கரைக்காது, சிமென்ட் பூச்சையும் டைல்ஸ் இடுக்கையும்தான் அரிக்கும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். பாதி அடைப்பில், பாக்கெட்டில் சொன்ன அளவில் போட்டால் கொஞ்சம் பலன் உண்டு. முழு அடைப்பில் போட்டால் குழாயிலேயே கல்லாக இறுகும், அடுத்து ட்ராப்பைத் திறப்பவர் கையில் காரம் தெறிக்கும். காஸ்டிக் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் கொதித்துச் சீறும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. எதையாவது ஊற்றியிருந்தால் பிளம்பர் வந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

டாய்லெட் ஃப்ளஷ் செய்தால் தரையில் ஏறினால்

கோப்பையில் மட்டும் தண்ணீர் ஏறி நின்று, வேறெங்கும் ஒன்றும் ஆகவில்லையென்றால் அடைப்பு கோப்பையின் வளைவில். பெரிய பிளஞ்சரே போதும். கோப்பைத் தண்ணீர் தரை ட்ராப்பில் ஏறினால் விஷயம் வேறு. முறையாகக் கட்டிய வீட்டில் மலக்குழாய் தனியாகவும் குளியல், சலவைத் தண்ணீர்க் குழாய் தனியாகவும் இறங்கி, வெளியே சேம்பரில்தான் சேரும். ஒன்றில் விட்டது மற்றதில் ஏறுகிறது என்றால் அடைப்பு சேம்பரில், அல்லது அதற்கும் அப்பால். உள்ளே எதையும் குத்த வேண்டாம். இன்னொரு முறை ஃப்ளஷ் செய்யாதீர்கள், அது மேலும் 6 முதல் 10 லிட்டர் மலத்தண்ணீரைத் தரைக்குக் கொண்டுவரும். நேராக வெளியே போய் சேம்பரைத் திறங்கள்.

ஏறாமல் குபுகுபுவென்று சத்தம் மட்டும் வந்து, ட்ராப் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் அடித்தால் காற்றுக் குழாயைப் பாருங்கள். மொட்டை மாடியில் நிற்கும் அந்தக் குழாயின் தலையில் குருவி கூடு கட்டியிருக்கும், அல்லது மேலே அறை கட்டியபோது யாரோ மூடி போட்டிருப்பார்கள். சத்தமும் ஏற்றமும் சேர்ந்து வந்தால் அடைப்பையே முதலில் தேடுங்கள்.

அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்கு மட்டும் வந்தால்

கீழ்வீட்டில் யாரும் குழாயைத் திறக்காமலே தரையில் தண்ணீர் ஏறினால் அது மேல்வீடுகளின் தண்ணீர். நின்று இறங்கும் குழாய் அடியில் வளைந்து படுக்கும் இடத்தில்தான் எல்லாம் வந்து தேங்கும், அடைப்பும் பெரும்பாலும் அங்கே அல்லது அடுத்த சேம்பருக்குள்.

முதல் வேலை, அந்த வரிசையில் மேலே உள்ள எல்லா வீட்டுக்கும் தகவல் சொல்லி, தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்வது. இதைச் செய்யாமல், அந்த வளைவில் திறந்து சுத்தம் செய்ய வைத்திருக்கும் டோர் பெண்டின் மூடியைத் திறக்கவே கூடாது. 110 மி.மீ. குழாயில் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 25 லிட்டர், போல்ட்டைத் தளர்த்தியதும் அத்தனையும் திறப்பவர் மேல்தான். மூடியை முழுக்கக் கழற்றாமல் போல்ட்டைக் கால் திருகு தளர்த்தி, ஓரமாக வடியவிட்டு, சத்தம் அடங்கிய பிறகு திறக்க வேண்டும். முடிந்தால் அதையும் தவிர்த்து, சேம்பர் பக்கத்திலிருந்து குழாயின் மேல்நோக்கி ராடு விடுங்கள். நிற்கும் தண்ணீரின் எடையே அடைப்பை உங்கள் பக்கம் தள்ளிக்கொடுக்கும்.

மாதம் ஒருமுறை இது நடந்தால் நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: கீழ்வீட்டுக் குழாயை மேல்வீட்டு இறக்கத்திலிருந்து பிரித்து, தனியாகச் சேம்பருக்குக் கொண்டுபோவது. சங்கக் கூட்டத்தில் இதைக் கீழ்வீட்டுக்காரரின் சொந்தச் செலவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மேல்வீடுகள் எல்லாவற்றின் தண்ணீரும் அவர் வீட்டில் ஏறுவதால்தான் அந்த வேலையே வருகிறது, ஆகவே அது பொதுச் செலவாக இருப்பதே நியாயம்.

சேம்பர்களைப் படிப்பது

வீட்டுப் பக்கத்திலிருந்து தெருவை நோக்கி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நிரம்பியிருக்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாம் காலி என்றால் கோளாறு வீட்டுக்குள். எல்லாமே நிரம்பியிருந்தால் தெருச் சாக்கடை, அல்லது செப்டிக் டேங்க். வீட்டுச் சேம்பர் நிரம்பித் தெரு மேன்ஹோலும் நிரம்பியிருந்தால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும் மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது மாநகராட்சியிலும் புகார் கொடுங்கள்.

சமையலறைத் தண்ணீர் கல்லி ட்ராப் (வெளிச்சுவரோரம், சேம்பருக்கு முன் உள்ள சிறு தொட்டி) வழியாக வரும் வீடுகளில் அதையும் மறக்காமல் பாருங்கள். பாத்திரம் துலக்கிய மணல், தேங்காய் நார், மேலே விழுந்த வேப்பிலை எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு தட்டாகப் படிந்திருக்கும். கரண்டியால் அள்ளிவிடலாம்.

அடைப்பை எடுக்கும்போது காலியான சேம்பரின் பக்கம் நின்று, நிரம்பிய சேம்பரை நோக்கி ராடு அல்லது மூங்கில் பிளாச்சை விடுவது நல்லது. உடைந்ததும் தண்ணீர் உங்களைத் தாண்டி ஓடும், கசடைக் கம்பி வலை வைத்துப் பிடித்து வெளியே எடுக்கலாம். நிரம்பிய பக்கமிருந்து குத்தினால் அதே கசடு அடுத்த வளைவில் போய் உட்காரும்.

சேம்பர் பொங்கி வழிந்திருந்தால் சம்ப்பின் மூடியைக் கட்டாயம் பாருங்கள். பல வீடுகளில் இரண்டுக்கும் நாலைந்து அடிதான் இடைவெளி. சம்ப்புக்குள் ஒரு கசிவு போயிருந்தாலும் மோட்டார் போடாதீர்கள். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே மேல் தொட்டிக்கு ஏற்ற வேண்டும்.

சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும் இறக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மூக்கை முதலில் மரத்துப்போகச் செய்யும், நாற்றம் தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் அதில் அடக்கம், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மழை பெய்தால் மட்டும் ஏறினால்

வெயில் நாளில் ஒழுங்காகப் போய், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தண்ணீர் எதிர்த்து ஏறினால் உங்கள் குழாயில் அடைப்பு இல்லை. மழைநீரைச் சாக்கடையோடு இணைத்திருக்கும் தெருக்களில் பிரதானக் குழாய் நிரம்பி, தாழ்ந்த வீடுகளுக்குள் திரும்புகிறது. முதலில் உங்கள் மொட்டை மாடித் தண்ணீரும் சேம்பரில்தான் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதைப் பிரித்து மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள்.

பிறகு, கடைசிச் சேம்பரிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில் திரும்பாத் தடுப்பான் போடலாம், பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்பார்கள். போடும்முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: தெரு நிரம்பி அதன் மடல் மூடியிருக்கும்வரை உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அப்போது நீங்கள் குளித்தால் அது உங்கள் தரையிலேயே ஏறும். மடலின் இடுக்கில் ஒரு துணித்துண்டு சிக்கினாலும் மூடாது, ஆகவே மழைக்காலத்துக்கு முன் திறந்து கழுவ வசதியாகச் சேம்பருக்குள்ளேயே பொருத்துங்கள்.

செப்டிக் டேங்க் வீடுகளில் மழைக்காலத்தில் உறிஞ்சுகுழியைச் சுற்றிய மண் நீரால் நிறைந்து, உள்ளே போவதை வாங்காமல் நிற்கும். லாரி வைத்து எடுத்தாலும் சில நாளில் மறுபடி நிரம்பும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய கசடை மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் எடுத்துவிடுவது உத்தமம். புதைத்த பிளாஸ்டிக் டேங்க்கை ஈர மண்ணில் முழுக்கக் காலி செய்யாதீர்கள், நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும்.

எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப அடைத்தால்

ஸ்பிரிங் எங்கே முட்டியது என்று அதன் மேல் டேப் ஒட்டி அளவைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில், கல்லில் மோதுவதுபோல் நின்றால் சிமென்ட். டைல்ஸ் ஒட்டியபோது மிஞ்சிய கரைசலைத் தரைத் துளையில் கழுவிவிட்ட மிச்சம் அது. புது வீட்டிலும் புதுப்பித்த பாத்ரூமிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்த மருந்துக்கும் கரையாது, உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும். நுனியில் நார் நாராக வந்தால் வேர். சிமென்ட் பூசி இணைத்த பழைய பீங்கான் குழாய்களின் இணைப்பில் முருங்கை, அரசு, தென்னை வேர்கள் நுழைந்துவிடும். வெட்டி எடுத்தாலும் மழை வந்தால் மறுபடி வளரும், அந்தத் துண்டைப் பிவிசியாக மாற்றினால்தான் தீரும்.

முட்டவே இல்லை, ஆனாலும் அடைக்கிறது என்றால் வாட்டம் சரியில்லை. 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 என்பது வழக்கமான வாட்டம், அதாவது 10 மீட்டருக்கு 25 செ.மீ. இறக்கம். ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து இரண்டு சேம்பருக்குள் குழாயின் அடிமட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு முனையும் சரியாக இருந்து நடுவில் மட்டும் தொய்ந்திருந்தால் அளவில் தெரியாது. அதற்கு எளிய வழி: தண்ணீர் விடுவதை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, ஒரு சேம்பரிலிருந்து குழாய்க்குள் டார்ச் அடித்து மறு சேம்பரிலிருந்து கண்ணாடி வைத்துப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேர். அடிப்பாதி மறைந்து பிறை வடிவில் தெரிந்தால் நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அந்த இடத்தைத்தான் தோண்ட வேண்டும். தோண்டும்போது படுக்கைக் குழாயில் நேர் டீ போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, ஓட்டத்தின் பக்கம் சாய்ந்த ஒய் (Y வடிவ இணைப்பு) போடச் சொல்லுங்கள். நேர் டீயில் ஒரு குழாயின் தண்ணீர் எதிர்க்குழாய்க்குள் பாதி ஏறிவிட்டுத்தான் திரும்பும், கூடவே கசடையும் அங்கே விட்டுவிட்டு வரும்.